பத்தொன்பது வயதை எடைபோடும் தராசு

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தருகே உள்ள தேநீர்க் கடையில், கல்லூரி முடிந்து திரும்பும் வேளையில், நம் இரண்டாமாண்டு மாணவர் சிலரை அவ்வப்போது காண்பதுண்டு. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பேருந்து ஏறவேண்டிய பிள்ளைகள். அன்றைக்கு நால்வர் ஒரு கைப்பேசியைச் சூழ்ந்து நின்றனர். திரையில் ஓர் இளைஞன் பந்துவீச ஓடிவருகிறான்; மட்டையாளர் தூக்கி அடிக்கிறார்; படம் முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு நொடிக்கு மேல் இராது. "இவனுக்கு ஏலத்துல பத்து பைசா தேறாதுடா" என்றான் ஒருவன். மற்றவர் சிரித்தனர். நம்மைக் கண்டதும் கைப்பேசி சட்டைப்பைக்குள் போயிற்று. "சும்மாதாங்க ஐயா" என்றான், சற்றே நாணத்துடன்.

அந்தப் பிள்ளைகளைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் பேசிய மொழி அவர்களுடையதன்று. ஒவ்வோர் ஏலத்துக்கும் முன்னர் இரண்டு மூன்று வாரம் தொலைக்காட்சியிலும் கைப்பேசித் திரையிலும் கோட்டணிந்த பெரியவர்கள் பேசும் மொழி அது. "இவன் பெரிய மேடைக்கு ஆகமாட்டான்", "இவனுக்கு மனத்திடம் போதாது", "இவன் மூன்று கோடி, அவன் அடிப்படை விலைகூடப் போகமாட்டான்". பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளைப் பற்றிய இத்தீர்ப்புகளை யார் வழங்குகிறார்கள், எதைக் கண்டு வழங்குகிறார்கள், தீர்ப்புப் பிழைத்தால் அதற்குரிய விலையை யார் செலுத்துகிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் எவரும் கேட்பதில்லை. நாம் கேட்க விரும்புகிறோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் கிரிக்கெட் எதற்கு என்று முகஞ்சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். ஆளைத் தேர்வது எப்படி என்பது நம் இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. திருக்குறளின் பொருட்பாலில் 48ஆம் அதிகாரம் வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல், 51 தெரிந்து தெளிதல், 52 தெரிந்து வினையாடல். இவ்வைந்தையும் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். பொழிப்புரை சொல்கிறோம், இலக்கணக் குறிப்பு எழுதச் சொல்கிறோம். அதிகாரங்கள் நிற்கும் வரிசையைப் பற்றி மட்டும் பேசாமல் கடந்துவிடுகிறோம். வலிமையை அறிவது அவ்வரிசையில் தொடக்கம் மட்டுமே. காலம் அறிந்து, இடம் அறிந்து, அதன் பின்னரே ஆளைத் தேர்தல். தேர்ந்தபின் அவரைப் பணியில் ஆளுதல். இன்றைய ஏல மதிப்பீட்டாளர்கள் 48ஐ மட்டும் அரைகுறையாகப் படித்துவிட்டு 51க்குத் தாவுகிறார்கள். 52ஆம் பக்கத்தை அவர்கள் திறப்பதே இல்லை. நம் குற்றச்சாட்டு முழுவதும் இதுதான்.

*

முதலில் வலியறிதலைப் பார்ப்போம்.

இளைஞர்களை எடைபோடுவதற்கு உலகிலேயே மிகுந்த பொருளும் உழைப்பும் செலவிடப்படும் இடங்களுள் ஒன்று அமெரிக்கக் கால்பந்து. பெயரில் கால் இருப்பினும் அது பெரிதும் கையால் ஆடப்படும் ஆட்டம். அதில் குவார்ட்டர்பேக் என்பவர் அணியின் தளபதி போன்றவர். பந்து அவர் கைக்கு வந்ததும் எதிரணியினர் அவர்மேல் பாய்வார்கள். இரண்டு மூன்று நொடிக்குள் யாரிடம் பந்தை எறிவது என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். கல்லூரி அணிகளில் ஆடும் இத்தகைய இளைஞர்களை 32 தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் ஏப்ரலில் ஏழு சுற்றுகளாகத் தேர்ந்தெடுக்கின்றன. இதனை டிராஃப்ட் என்பர். இங்கே ஏலம் இல்லை; வரிசை உண்டு. முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கே முதல் தேர்வு உரிமை.

அதற்கு முன்னதாக இந்தியானாபொலிஸ் நகரில் இளைஞர்களை வரவழைத்து அளக்கிறார்கள். உயரம், எடை, 40 கெஜ ஓட்டம், தாவும் உயரம் எல்லாம் அளவைக்குரியவை. குவார்ட்டர்பேக்காயின் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை கையின் அகலத்தையும் அளப்பார்கள். பல ஆண்டுகள் 12 நிமிடத்தில் 50 வினாக்களுக்கு விடையளிக்கும் வொண்டர்லிக் என்னும் அறிவுத் தேர்வும் நடந்தது. 2022இல் அதைக் கைவிட்டனர். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது நம் நினைவுக்கு வந்தால் குற்றமில்லை.

இத்தனை அளந்தும் நிகழ்ந்தது என்ன? 1998இல் முதலிடத்தில் பெய்ட்டன் மேனிங்கையும் இரண்டாமிடத்தில் ரயன் லீஃபையும் தேர்ந்தனர். இவ்விருவருள் யார் முதல் என்று அறிஞர் பெருமக்கள் மாதக்கணக்கில் வாதிட்டனர். மேனிங் அவ்வாட்டத்தின் பெரும்பெயர்களுள் ஒருவரானார். லீஃபின் ஆட்ட வாழ்வு 2001உடன் முடிந்தது. 2000இல் டாம் பிரேடி என்பவரை ஆறாம் சுற்றில் 199ஆவது ஆளாக எடுத்தனர். அவருக்கு முன்னே ஆறு குவார்ட்டர்பேக்குகள் தேர்வாயிருந்தனர். 40 கெஜ ஓட்டத்தில் அவர் மந்தமானவர். உடற்கட்டும் எடுப்பாக இல்லை. அவர்தான் பின்னர் ஏழுமுறை சூப்பர் பவுல் கோப்பையை வென்றார். 2007இல் எல்லாருக்கும் முதலாவதாகத் தேர்வான ஜமார்க்கஸ் ரஸல் மூன்று பருவங்களில் மறைந்துபோனார். 2022இல் 262ஆவதாக, அதாவது கடைசி ஆளாகத் தேர்வான புரோக் பர்டி 2024 பிப்ரவரியில் தம் அணியைச் சூப்பர் பவுல் இறுதிக்கு இட்டுச் சென்றார். 2023இல் சி.ஜே. ஸ்ட்ரவுட் என்பவர் ஒரு மூளைத்திறன் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றார் என்று ஊடகங்களில் செய்தி கசிந்தது. அவ்வாண்டே அவர் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். ஒருவேளை அவர் தோற்றிருந்தால் அந்த மதிப்பெண்ணைத்தான் அவருடைய கல்லறையில் எழுதியிருப்பார்கள்.

அளவைக் கருவி பழுதென்று நாம் சொல்லவில்லை. அளந்தது எதை என்பதுதான் கேள்வி. ஓட்டத்தின் வேகத்தை அளக்கலாம். பாய்ந்துவரும் எதிரிகளுக்கு நடுவே இரண்டு நொடியில் எடுக்கப்படும் முடிவை எந்த நாடாவால் அளப்பது? அளக்க இயலாததை விட்டுவிட்டு, அளக்க இயன்றதையே வேண்டிய பண்பு என்று ஆக்கிக்கொள்வதுதான் இங்கே நிகழும் தவறு.

நம்மூரிலும் இதுவே கதை. வருண் சக்கரவர்த்தி 2021 மார்ச்சில் உடற்தகுதித் தேர்வில் தேறாததால் இங்கிலாந்துக்கு எதிரான தொடரில் ஆடும் வாய்ப்பை இழந்தார். நான்காண்டு கழித்து, 2025 மார்ச்சில், துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ஓட்டம் கொடுத்து ஐந்து விக்கெட் வீழ்த்தினார்; இந்தியா சாம்பியன்ஸ் கோப்பையை வென்றது. உடற்தகுதி வேண்டாம் என்று எவரும் சொல்லார். ஆயினும் அவருடைய விரல்களுக்குள் இருந்த வித்தைக்கும் ஓட்டத் தேர்வுக்கும் தொடர்பில்லை.

*

அடுத்தது காலம்.

வருணின் வாழ்வையே இன்னும் சற்று உற்றுநோக்குவோம். பள்ளிப் பருவத்தில் அவர் விக்கெட் காப்பாளர். பதினேழு வயதுக்குப் பின் ஆட்டத்தை விட்டுக் கட்டடக்கலை பயின்றார், அத்தொழிலும் செய்தார். திரும்பி வந்தபோது வேகப்பந்து வீச்சாளராக முயன்றார், முழங்காலில் அடிபட்டது. அதன் பின்னரே சுழற்பந்துக்கு மாறினார். 2017-18 பருவத்தில் அவர் வீசியது சென்னை லீக்கின் நான்காம் டிவிஷனில். 2018இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மதுரை அணிக்கு ஆடினார். அவ்வாண்டு டிசம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில், 20 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 8.4 கோடிக்கு அவரைப் பஞ்சாப் அணி எடுத்தது. பத்தொன்பது வயதில் இவரை எடைபோட்டிருந்தால் தராசில் ஏறியிருப்பது ஒரு கட்டடக்கலை மாணவர் மட்டுமே.

ரவிச்சந்திரன் அஸ்வினும் அப்படித்தான். இளவயதில் அவர் தொடக்க மட்டையாளர். அன்று எழுதப்பட்ட எந்த மதிப்பீடும் அவருடைய மட்டையைப் பற்றியதாகவே இருந்திருக்கும். 2024 டிசம்பரில் அவர் ஓய்வு பெற்றபோது டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட்டுகள் அவர் கணக்கில் இருந்தன.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் பிறந்த நடராஜனுடைய கதை எல்லாருக்கும் தெரியும்; ஆனால் அதன் நடுப்பகுதியை எவரும் சொல்வதில்லை. இருபது வயதுவரை அவர் ஆடியது டென்னிஸ் பந்தில். சென்னைக்கு வந்தார், லீக்கில் ஆடினார், ரஞ்சிக்கும் தேர்வானார். அங்கே அவருடைய பந்துவீச்சு முறை ஐயத்துக்குள்ளாயிற்று. பயிற்சியாளர்களின் துணையோடு கையை மாற்றி வீசக் கற்றுக்கொண்டு மீண்டார். 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டங்களில் ஆடி இரண்டே விக்கெட். அடுத்த ஆண்டு விலை 40 லட்சம். வாங்கியது ஐதராபாத் அணி. 2018இல் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை, 2019லும் இல்லை. 2020இல்தான் அவருடைய யார்க்கர்களை நாடு கண்டது. அந்தக் குளிர்காலத்திலேயே ஆஸ்திரேலியாவில் ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

கதையின் தொடக்கத்தையும் முடிவையும் நாம் விழாக்களில் பேசுகிறோம். நடுவே அந்த இரண்டு பருவங்கள் அவர் பெவிலியனில் அமர்ந்திருந்தாரே, அப்போது நம் மதிப்பீட்டாளர்கள் அவரைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டிருந்தனர்? ஒன்றும் சொல்லவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு முடிந்துபோன கணக்கு.

*

காலத்துக்கு அடுத்தபடி இடம்.

வருண் சக்கரவர்த்தி 2019இல் பஞ்சாப் அணிக்காக முதன்முதலாகப் பந்துவீசிய இடம் கொல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ். முதல் ஓவரில் 25 ஓட்டம். 8.4 கோடி என்ற எண்ணை வைத்து அன்றிரவு அவரை எத்தனை பேர் ஏசினர்! அந்தப் பருவத்தில் அவர் ஆடியது அந்த ஓர் ஆட்டம் மட்டுமே, பின்னர்க் காயம், பிறகு விடுவிப்பு. அடுத்த ஏலத்தில் 4 கோடிக்கு அவரை எடுத்தது எந்த அணி? கொல்கத்தா. எங்கே அடிபட்டாரோ அதுவே பின்னர் அவருக்குச் சொந்த மைதானமாயிற்று. 2020இல் அவ்வணிக்காக 17 விக்கெட் எடுத்தார். ஆளும் அவரே, விரலும் அவையே. அவருக்கு ஏற்ற இடமும், அவரை ஆளத் தெரிந்தவரும் அமைந்தனர்.

அமெரிக்க ஏற்பாட்டில் இது இன்னும் வெளிப்படை. கடைசி அணியே முதலில் தேர்வதால், மிகுதியாகப் புகழப்பட்ட இளைஞன் பெரும்பாலும் மிகவும் தளர்ந்த அணியில் போய் விழுகிறான். தன்னைக் காக்கப் போதிய வீரரில்லாத அணியில் அவன் அடிபட்டு வீழ்ந்தால், வீழ்ந்தது அவன் திறமை என்று எழுதிவிடுகிறார்கள். பிரேடியோ வலுவான முன்னவர் ஒருவருக்குப் பின்னே அமர்ந்து ஓராண்டு கற்றார்; 2001இல் அந்த முன்னவர் காயமுற்றபோது களமிறங்கினார். 199ஆம் இடம் என்பது அவருக்கு நேர்ந்த இழிவு என்று இன்றுவரை எழுதுகிறார்கள். அது அவருக்குக் கற்கும் காலத்தையும் இடத்தையும் தந்தது என்று நாம் படிக்கிறோம்.

*

இனி விலை. இதில்தான் நம் மாணவர் பெரிதும் ஏமாறுகின்றனர்.

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் தொடங்கியபோது அங்கும் டிராஃப்ட் முறையே இருந்தது. 2023 முதல் ஏலம் வந்தது. அணி ஒன்றுக்கு 70 லட்சம் செலவிடலாம் என்ற வரம்புடைய அந்த முதல் ஏலத்தில், கோவை அணி சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. வேடிக்கை யாதெனில், அதே சாய் சுதர்சனை 2022 ஐ.பி.எல். ஏலத்தில் குஜராத் அணி எடுத்த விலை 20 லட்சம். அதாவது அடிப்படை விலை. போட்டிக்கு எவரும் கை உயர்த்தவில்லை. உலகின் பெரும் பணக்கார லீக்கில் ஒருவருக்கு 20 லட்சம். மாநில லீக்கில் அவருக்கே 21.6 லட்சம். இவ்விரண்டில் எது அவருடைய மதிப்பு? இரண்டும் அன்று என்பதே விடை. 2023 மே இறுதியில் ஐ.பி.எல். இறுதியாட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தபோதும் அவர் 20 லட்சக்காரர்தாம். 2025 பருவத்தில் 759 ஓட்டம் குவித்து ஆரஞ்சுத் தொப்பியைப் பெற்றார்.

ஏலத்தின் இயல்பை நம் பிள்ளைகளுக்கு யாரேனும் சொல்லித்தர வேண்டும். ஒரு பொருளுக்கு ஏலத்தில் எழும் விலையை முடிவுசெய்பவர் அதை வாங்கியவர் அல்லர். அவரோடு கடைசிவரை போட்டியிட்டுத் தோற்றவர். இருவர் ஒரே ஆளை விரும்பினால் விலை கோடியில் ஏறும். ஒருவர் மட்டும் விரும்பினால், அந்த ஆள் எத்தகையவராயினும், அடிப்படை விலையில் நிற்கும். பையில் மிஞ்சியிருக்கும் பணம், பட்டியலில் பெயர் எத்தனையாவதாக வருகிறது, எத்தனை இடங்கள் நிரம்பிவிட்டன என்பனவே எஞ்சிய காரணங்கள். இவற்றுள் ஒன்றேனும் அந்த இளைஞனுடைய கையில் இருப்பதில்லை. அம்பத்தூர்ச் சந்தையில் மழைநாளில் கொத்தமல்லிக்கட்டு என்ன விலை விற்கிறது என்பதை வைத்துக் கொத்தமல்லியின் மணத்தை எவரும் முடிவுசெய்வதில்லை. மனிதர்களிடத்தில் மட்டும் அவ்வாறு செய்கிறோம்.

*

நம்மை மறுக்கக்கூடியவர்கள் சொல்லத்தக்கவை இரண்டு. இரண்டும் நேர்மையான மறுப்புகள். ஆகவே மழுப்பாமல் விடைகூற வேண்டும்.

முதலாவது: நீங்கள் விதிவிலக்குகளை மட்டும் காட்டுகிறீர்கள். 199ஆவதாகத் தேர்வான ஒரு பிரேடி ஜொலித்தார் என்றால், அந்த இடத்திலும் அதற்குக் கீழும் தேர்வாகி ஒன்றுமில்லாமல் போனவர் பல்லாயிரவர். முதலிடத்தவர் பலர் சிறக்கவும் செய்தனர். உண்மை. மேனிங்கை முதலிடத்தில் வைத்தவர்கள் பிழைபடவில்லை. பதின்மூன்று வயதில் 1.10 கோடிக்கு ராஜஸ்தான் அணி எடுத்த வைபவ் சூர்யவன்ஷி, 2025 ஏப்ரலில் 35 பந்தில் சதமடித்தார். அவரைக் கண்டவர்களும் சரியாகவே கண்டனர். தராசு முற்றிலும் பொய் என்பது நம் வாதமன்று. மூட்டை எடைபோடும் தராசில் மூக்குத்தியை நிறுக்கக்கூடாது என்பதே வாதம். மிகப்பெரும் வேறுபாடுகளை அது காட்டும். மேனிங்குக்கும் லீஃபுக்கும் இடையிலான நுட்பமான வேறுபாட்டை அது காட்டவில்லை. ஆனால் காட்டியதாகவே அனைவரும் பேசினர். பிழையினும் கொடியது பிழைக்க வாய்ப்புண்டு என்ற எண்ணமே இல்லாத அந்தத் தொனி.

இரண்டாவது: தேர்வே வேண்டாமெனில் அணி எப்படி அமையும்? நடராஜனையும் வருணையும் கண்டெடுத்ததும் இதே லீக்கும் இதே ஏலமும்தானே? ஆம். ஆயின் எது கண்டெடுத்தது என்று பிரித்துப் பாருங்கள். அவர்கள் உண்மையான ஆட்டத்தில், உண்மையான எதிரிக்கு, மீண்டும் மீண்டும் பந்துவீச வாய்ப்புப் பெற்றார்கள். வீசியதைக் கண்டவர்கள் அழைத்தார்கள். அது ஆட்டத்தின் வேலை. அவ்வாறு கண்டெடுத்தபின் தோல்வியுற்ற பருவத்திலும் அவர்களோடு சிலர் நின்றார்கள். அது பயிற்சியின் வேலை. முன்கூட்டிச் சொல்லப்பட்ட தீர்ப்புகளுக்கு இவ்விரண்டிலும் பங்கில்லை. தெரிந்து வினையாடல் என்று தனியே ஓர் அதிகாரம் இருப்பதன் பொருள் இதுதான் என்று நாம் கொள்கிறோம். தேர்ந்தவரின் வேலை தேர்வோடு முடிவதில்லை.

இலக்கிய அன்பர்களுக்கு இதில் வியப்பிராது. பாரதி 1921இல் மறைந்தார். அவர் மகாகவியா அல்லரா என்று நம் அறிஞர்கள் சண்டையிட்டது அதற்கும் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து. கு.ப.ரா.வும் சிட்டியும் அந்தச் சண்டைக்கு விடையாகக் 'கண்ணன் என் கவி' எழுதவேண்டியிருந்தது. ஒருவர் எழுதி முடித்து, வாழ்ந்தும் முடித்து, நூலெல்லாம் கண்முன் இருக்கையிலேயே நம் மதிப்பீடு இவ்வளவு தடுமாறியது. இனிமேல்தான் எழுதப்போகும் ஒருவரைப் பற்றி அத்தனை உறுதியாக நாம் பேசத் துணிவோமா?

*

இவ்வளவும் சொன்ன நாம், இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணத்தை மறைப்பது முறையாகாது.

ஆவடிப் பக்கத்திலிருந்து வரும் நம் மாணவர் ஒருவர். இடக்கை வேகப்பந்து வீச்சாளர். தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் இயந்திரம் ஓட்டுகிறார். கல்லூரி அணிக்கு ஆடி, கீழ் டிவிஷன் லீக் ஒன்றிலும் ஆடிக்கொண்டிருந்தார். தனியார் தெரிவு முகாம் ஒன்றுக்கு அழைப்பு வந்தது. போனார். வரிசையில் நான்கு மணி நேரம் வெயிலில் நின்று, வலையில் ஆறு பந்து வீசினார். இரண்டு அகலமாகப் போயின. "உயரம் போதாது தம்பி, டைம் வேஸ்ட் பண்ணாத" என்று ஒருவர் சொல்லியனுப்பினார். அந்த ஆறு பந்தையும் எவரோ படமெடுத்துக் கேலிக் குறிப்போடு பரப்பிவிட்டனர். தேநீர்க் கடையில் நம் பிள்ளைகள் சூழ்ந்து நின்று பார்த்தது வேறொருவர் படம். ஆனால் அதைக் கண்டபோது நமக்கு நினைவுக்கு வந்தது இவர் முகம்.

அதன்பின் ஏழு வாரம் அவர் கல்லூரிக்கு வரவில்லை. முகாம்களுக்கும் ஆட்டங்களுக்கும் போனதில் ஏற்கெனவே வருகைப்பதிவு குறைந்திருந்தது. நான்கு தாள்களில் அரியர். நாம் செய்தது என்ன? அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தபோது மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திய நாம், அவர் வராத ஏழு வாரத்தில் ஒருமுறைகூட அழைத்து விசாரிக்கவில்லை. வருகைப்பேட்டில் அவர் பெயருக்கு எதிரே இன்மை இட்டுக்கொண்டே போனோம். தராசு பிடித்தவரை ஏசும் இக்கட்டுரையில் நம் கையில் இருந்த தராசையும் குறிப்பிட்டாக வேண்டும்.

விலையைச் செலுத்துபவர் யார் என்று தொடக்கத்தில் கேட்டோம். மதிப்பீடு பொய்த்த பண்டிதர் அடுத்த ஆண்டும் அதே கோட்டில் அதே திரையில் அமர்கிறார். லீஃபை வியந்தவரும், நடராஜன் கணக்கு முடிந்ததென்று எண்ணியவரும், யாரும் ஒரு நாள் சம்பளமும் இழக்கவில்லை. இழப்பவர் அந்த இளைஞர். அவர்க்காக மிகைநேரம் பார்த்த தந்தை.

முன்னாளில் ரயில்வே, வங்கி, பொதுத்துறை ஆலை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையாவது இருந்தது. நட்சத்திரமாகாத ஆட்டக்காரனும் பல பருவங்கள் லீக்கில் ஆடி, அங்கு கண்ட ஆட்டத்தின் பேரில் ஓர் எழுத்தராக வாழ்வைத் தொடங்கலாம். அந்த வாயில் முற்றும் அடைபடவில்லையாயினும் குறுகிவிட்டது. ஏலமேடையைத் தவிர வேறெதுவும் பிள்ளைகளின் கண்ணில் படுவதில்லை.

ஆகவே சிலவற்றை வெளிப்படையாகவே கோருகிறோம். ஓர் இளைஞரைப் பற்றித் திரையில் தீர்ப்புரைப்பவர், அவருடைய எத்தனை ஆட்டங்களை முழுதாகக் கண்டார் என்பதை முதலில் சொல்லட்டும். ஐந்தாண்டுக்கு முன் தாம் உரைத்தவற்றுள் எவை பலித்தன, எவை பொய்த்தன என்று ஆண்டுக்கொருமுறை கணக்கு ஒப்புவிக்கட்டும். தெரிவு முகாம் நடத்துவோர் ஆறு பந்தில் ஆளை அனுப்பாதிருக்கட்டும். அனுப்பினாலும் படம் வெளியேறாமல் காக்கட்டும். கல்லூரிகள், ஆட்டத்துக்குப் போகும் மாணவருக்கு வருகைச் சலுகை தருவதோடு நில்லாமல், அவர் தவறவிட்ட பாடத்தை மாலையில் அமர்த்திச் சொல்லித்தர ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கட்டும். இக்கடைசிக் கோரிக்கை நமக்கு நாமே விடுப்பது.

நம் மாணவர் திரும்பி வந்துவிட்டார். அவர் வீட்டுக்கு நாம் போனதால் அன்று. தந்தையார் அழைத்து வந்தார். "படிப்பையாச்சும் முடிக்கட்டும் சார்" என்றார் அவர். நான்கு அரியரில் இரண்டை முடித்திருக்கிறார். செவ்வாய், வியாழன் மாலைகளில் மற்ற இரண்டு தாள்களுக்கும் நாம் பாடம் நடத்துகிறோம். அவற்றுள் ஒன்று திருக்குறள் இடம்பெறும் தாள். ஞாயிறுகளில் ஆவடியில் மீண்டும் பந்துவீசுகிறார் என்று கேள்வி. இப்போதைக்கு டென்னிஸ் பந்தில். அவர் என்ன ஆவார் என்று நண்பர்கள் சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். அவருக்கு இருபது வயது ஆகிறது என்று மட்டும் விடை சொல்கிறோம்.